ஜூலை 16: நோட்டுப் புத்தகமா, கிரில் கேட் சாவியா?

10 ஜூன் 2024, கேள்வி (சென்னையிலிருந்து ஒரு தம்பி)

சொந்த ஊர் கும்பகோணம், வேலை சென்னையில். காசிராமன் தெரு பள்ளித் தீ விபத்து நடந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு, வேறு பள்ளி. வருகிற ஜூலை 16-ஓடு இருபது வருஷம். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அந்த 94 பிள்ளைகள் நினைவாக ஏதாவது சேவை செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 94 மரக்கன்று நடலாம், 94 ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுக்கலாம், இல்லாவிட்டால் ஒருவேளை அன்னதானம். கையில் முப்பதாயிரம் சேரும். எது நல்லது? ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

10 ஜூன், இரவு

மூன்றையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம் தம்பி. மூன்றும் சொதப்பல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

நான் வயரிங் வேலை பார்ப்பவன். இதே ஊர். 2004-ல் எனக்கு இருபத்து மூன்று வயது, அன்றைக்கு ஒரு வீட்டில் சுவர் கொத்திக்கொண்டிருந்தேன். புகையைப் பார்த்து ஏதோ கூரை வீடு என்றுதான் நினைத்தோம். ஓடிப் போனபோது தெருவே ஆளால் அடைத்துக் கிடந்தது. பிறகு அரசு மருத்துவமனை வாசலில் போய் நின்றேன். அங்கும் நின்றேன் என்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய ஆளாக யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன்.

என் பதில் ஒரு வரிதான். முப்பதாயிரத்தை ஒரே நாளில் செலவு செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்குப் போய், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கிரில் கேட் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மொபைலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

11 ஜூன்

"நோட்டுப் புத்தகம் கொடுத்ததில் என்ன சொதப்பல்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு நண்பர்கள் சேர்ந்து, பத்தாம் ஆண்டுக்கு முந்தைய வருஷம் என்று நினைக்கிறேன், ஒரு பள்ளியில் நோட்டு கொடுத்தோம். அட்டையில் "94 மலர்களின் நினைவாக" என்று அச்சடித்தோம். மலர், மொட்டு, கருகிய அரும்பு எல்லாம் அச்சகத்துக்காரரின் கற்பனை. நாங்களும் தலையாட்டினோம். வாங்கிய பையன் ஒருவன், மூன்றாம் வகுப்பு இருக்கும், அட்டையைப் பார்த்துவிட்டு "அங்கிள், இவங்கல்லாம் எப்படிச் செத்தாங்க?" என்று கேட்டான். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். அந்தப் பையன் உட்கார்ந்திருந்த அறைக்கு ஒரே வாசல். அந்த வாசலில் பாதியை பீரோ அடைத்திருந்தது. என் தொழிலே இதுதான், ஆனால் அன்றைக்கு அந்த பீரோவைப் பார்த்துவிட்டு, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. எப்படிச் செத்தார்கள் என்பதற்கான பதிலில் பாதி அந்த அறையிலேயே இருந்தது.

13 ஜூன்

மரக்கன்று. இதை எழுத எனக்கு வெட்கம்தான்.

நட்டது 94. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரைத் தகட்டில் எழுதி மாட்டினோம். யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள், என்னுடையதுதான். ஆடியில் நட்டோம், ஐப்பசி மழை வரை தாங்கின. பங்குனி, சித்திரை வெயிலில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றுகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் ஒருவன் துபாய் போனான், ஒருவன் கல்யாணம் பண்ணிக்கொண்டான், நான் சும்மாவே இருந்தேன். மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது.

ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது வயதானவர் ஒருவர் சைக்கிளில் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து ஒரே ஒரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லாம் குச்சி. யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. தினமும் வருகிறார் என்று பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அந்தப் பெயரை அந்தக் குச்சியில் மாட்டியது நாங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் தலையில் செடி காப்பாற்றும் வேலையையும் கட்டிவிட்டோம். அன்றைக்கு இரவு போய் மற்றத் தகடுகளை எல்லாம் கழற்றி எடுத்து வந்தேன். இப்போதும் கடையில் பரண்மேல் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. பழைய இரும்புக்குப் போட முடியுமா சொல்லுங்கள்.

மரம் நடாதீர்கள் என்று சொல்லவில்லை. நட்டால் பெயர் மாட்டாதீர்கள், மாட்டினால் மூன்று கோடைக்கு ஊரை விட்டுப் போகாதீர்கள்.

15 ஜூன்

நடந்தது என்னவென்றே தெரியாத சின்னப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள் போலிருக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, காலை. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. சத்துணவுச் சமையலறைக்குக் கீற்றுக் கூரை. அடுப்பிலிருந்து அந்தக் கூரையில் பற்றிய தீ, மேலே வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஏறி இறங்கக் குறுகலான படி. எரிகிற கூரை மூங்கிலோடு பிள்ளைகள் மேலேயே விழுந்தது. 94 பிள்ளைகள் இறந்தார்கள், பெரும்பாலும் தொடக்கப்பள்ளி வகுப்புகள். 18 பேர் காயத்தோடு பிழைத்தார்கள். நீதிபதி சம்பத் கமிஷன் விசாரித்தது. தஞ்சாவூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2014 ஜூலை 30 ஆகிவிட்டது. பத்து பேருக்குத் தண்டனை, பதினோரு பேர் விடுதலை. 2017-ல் உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்து இன்னும் சிலரை விடுவித்தது. அதைப் பற்றிப் பெற்றோர் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆடி வெள்ளி, ஆசிரியர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்று அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு. அதையே பேசிப் பேசிக் கூரையையும் படியையும் மறந்துவிடுகிறோம் என்பது என் எரிச்சல். பத்து ஆசிரியர்கள் நின்றிருந்தாலும் அந்தப் படியின் அகலம் அதேதான்.

15 ஜூன், பிறகு

ஒருவர் திருத்தியிருக்கிறார், நியாயம். கீற்றுக் கூரையின் ஆபத்து கும்பகோணத்தில்தான் தெரிந்தது என்கிற மாதிரி நேற்று வேறொருவருக்கு பதில் எழுதிவிட்டேன். தவறு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் கீற்றுக் கொட்டகைக்குள் எரிந்து போனார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபப் பந்தல் எரிந்தது. அதற்கு ஆறே மாதம் கழித்துத்தான் நம் ஊர். அதாவது எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் நடந்தது.

16 ஜூன்

அன்னதானத்தில் என்ன சொதப்பல் என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். சாம்பார் சாதம் புளித்துவிட்டது. அவ்வளவுதான். அதற்குத் தத்துவம் எல்லாம் கிடையாது.

22 ஜூன்

இன்று ஒரு பள்ளிக்குப் போனோம். எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டாம். பெயர் போட்டால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள், நமக்கு வேண்டியது உள்ளே போவதுதான்.

இப்போது மூன்று பேர் இதைச் செய்கிறோம். நான், ஒரு கொத்தனார், தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் (அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம், எழுபது வயது). வருஷாவருஷம் ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கி ஜூலை 16-க்குள் நான்கைந்து பள்ளி. காசு வாங்குவதில்லை, சான்றிதழ் கொடுப்பதில்லை, பேனர் கிடையாது. இன்ன இடத்தில் இன்னது சரியில்லை என்று தாளில் எழுதித் தலைமையாசிரியர் கையில் கொடுப்போம். நாங்களே சரிசெய்ய முடிந்ததை அன்றே சரிசெய்துவிடுவோம். மற்றது அவர்கள் பாடு.

இன்று பார்த்தது: ஃபியூஸ் போன இடத்தில் தடியான செம்புக் கம்பி. போர்டில் டேப் சுற்றிய ஜாயின்ட் நாலு. டேப்பே இளகி ஒழுகியிருந்தது. தீயணைப்பான் சிலிண்டர் இரண்டு, ஒன்றில் முள் சிவப்பில், இன்னொன்றைத் தலைமையாசிரியர் அறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பிள்ளைகள் பின்னைப் பிடுங்கிவிடுகிறார்களாம். பிடுங்கத்தான் செய்வார்கள், நான் அந்த வயதில் டிரான்ஸ்ஃபார்மரையே பிடுங்கியிருப்பேன்.

மாடிப்படிக்குக் கீழே கிரில் கேட், பூட்டு. இடைவேளையில் பிள்ளைகள் வெளியே ஓடாமல் இருக்கவாம். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். அண்ணன் ஒன்றும் பேசாமல் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு நிமிஷம். சாவி வந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "கீத்து எரிய இவ்வளவு நேரம் வேண்டாம்மா." கான்கிரீட் கூரைதானே சார் என்றார் தலைமையாசிரியை. அண்ணன் படிக்கடியில் அடுக்கி வைத்திருந்த பழைய பெஞ்சு, தேர்தலுக்கு வந்த அட்டைப் பெட்டி, போன ஆண்டுவிழாத் தெர்மாகோல் கோபுரம் எல்லாவற்றையும் காட்டினார்.

அப்புறம் ஒத்திகை. மணி அடித்ததும் மாடி வகுப்புகள் கீழே இறங்கி மைதானத்துக்கு வர வேண்டும். முதல் தடவை நாலரை நிமிஷம். ஏன் தெரியுமா? செருப்பு. வகுப்பு வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், வெளியே வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் குனிந்து தன் ஜோடியைத் தேடுகிறது. முன்னால் குனிந்தவள் மேல் பின்னால் வந்தவன் விழுகிறான். வலதுகால் செருப்பு கிடைக்காமல் ஒருத்தி அழுகையே ஆரம்பித்துவிட்டாள், போன வாரம்தான் புதிதாக வாங்கியதாம். இவ்வளவு வருஷத்தில் எந்தப் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை. இரண்டாவது தடவை "செருப்பை விட்டுட்டு ஓடு, நான் எடுத்துத் தரேன்" என்று டீச்சர் சொன்ன பிறகு ஒன்றே முக்கால் நிமிஷம்.

23 ஜூன்

நேற்று அங்கே "சாவியை டீச்சர் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு படுத்ததும்தான் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று பட்டது. புகையில் பூட்டுத் துவாரம் எப்படித் தெரியும்? டீச்சர் அன்றைக்கு லீவு என்றால்? பள்ளி நடக்கிற நேரத்தில் பூட்டே இருக்கக் கூடாது. வேண்டுமானால் சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர் ஒரு கையால் தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள். இன்று ஃபோன் செய்து மாற்றிச் சொன்னேன். "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றார் அம்மையார். ஆமாம்.

தீ வந்தால் யார் பொறுப்பு என்று பட்டியல் போட்டு மாட்டச் சொன்னதையும் யோசிக்கிறேன். மாட்டுவார்கள், அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் வரை அதே பெயர்கள் இருக்கும், மூன்று பேர் மாற்றலாகிப் போயிருப்பார்கள்.

29 ஜூன்

தடம் மாறிப் போகிறது, பரவாயில்லை. மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு அக்கா கேட்டிருந்தார், தீக்காய முதலுதவியையும் பள்ளியில் சொல்லித்தருகிறீர்களா என்று. சொல்லித்தருகிறோம், ஆனால் பிள்ளைகளுக்கு இல்லை, சத்துணவு சமைக்கும் அம்மாக்களுக்கு. குழாயில் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம், ஐஸ் கூடாது, கொப்புளத்தைக் குத்தக் கூடாது, ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கக் கூடாது. மாவு, மை, டூத்பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். இதைச் சொன்னதும் ஒரு அம்மா "இருபது நிமிஷத்துக்குத் தண்ணிக்கு நான் எங்கய்யா போவேன், மோட்டார் போட்டாத்தான் தண்ணி" என்றார். போய்ப் பார்த்தால் மோட்டார் சுவிட்ச் இருக்கிற அறைக்கும் ஒரு பூட்டு. நான் பூட்டுக்காரனாகவே பிறந்திருக்கலாம்.

சேவை என்றால் ரத்ததானம் எல்லோருக்கும் தெரியும். தோல் தானம் பலருக்குத் தெரியாது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள், தொடை, முதுகு மாதிரி இடங்களிலிருந்து மேல்தோலை மெல்லிசாக எடுக்கிறார்கள். முகம் விகாரமாகாது, ரத்தக் கசிவும் பெரிதாக இருக்காது. கிளிசராலில் போட்டு வருஷக்கணக்கில் பாதுகாக்கலாம், ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. பெரிய தீக்காயத்தில் உடம்பு நீரை இழக்காமலும் கிருமி புகாமலும் காப்பது அந்தத் தோல்தான். கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. என் மாமா இறந்தபோது கேட்டுப் பார்த்தோம். எங்கள் கிராமத்திலிருந்து தூரம், நேரம் போதாது, கண்கள் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அத்தை முதலில் சம்மதிக்கவில்லை. "அவரு கண்ணை மூடிட்டாரு, அதைத் திறக்கணுமா" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அவரே வந்து சரி என்றார். ஏன் மனம் மாறியது என்று நான் கேட்கவில்லை.

சென்னைத் தம்பிக்கு: நீங்கள் எட்டுப் பேரும் தோல் தானத்துக்குப் பதிவு செய்து, அதைவிட முக்கியம், வீட்டில் சொல்லி வைத்தால் முப்பதாயிரம் அப்படியே கையில் இருக்கும்.

7 ஜூலை

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நீங்கள் யார் போய்ப் பார்க்க?" என்று ஒரு நண்பர் சூடாக எழுதியிருக்கிறார். நூற்றுக்கு நூறு உண்மை. கும்பகோணத்துக்குப் பிறகு போடப்பட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கிற உரிமையும் சேர்த்துத்தான் என்று சொன்னது. தேசியக் கட்டட விதிகள், தீயணைப்புக் கருவி, ஊழியர்களுக்குப் பயிற்சி எல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது. தனியார் பள்ளி என்றால் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். நான் பார்த்த பள்ளிகள் பெரும்பாலானவற்றில் சான்றுகள் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கின்றன. சான்று கொடுத்த அன்று அந்தக் கேட் திறந்துதான் இருந்திருக்கும். பூட்டு அடுத்த திங்கள்கிழமை வந்தது.

அதிகாரி வருஷத்துக்கு ஒருநாள் வருவார். பக்கத்து வீட்டுக்காரன் தினமும் அந்தத் தெரு வழியாகப் போகிறான்.

தீயணைப்புத் துறைக்காரர்கள் ஏப்ரல் 14-ஐ தீத்தொண்டு நாள் என்கிறார்கள். 1944-ல் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் இறந்த நாள். அதை வைத்து ஒரு வாரம் முழுக்க பள்ளி, ஆலை, மருத்துவமனை என்று போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். தீத்தொண்டு என்ற சொல் எனக்குப் பிடிக்கும். என்ன, ஏப்ரலில் பள்ளிகள் தேர்வில் இருக்கின்றன, பிள்ளைகள் காதில் ஒன்றும் ஏறாது. ஜூலையில் வையுங்களேன் என்று அண்ணனிடம் பல வருஷமாகக் கேட்கிறேன். அவர் ரிட்டயர் ஆனவர், அவரிடம் கேட்டு என்ன பயன் என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

16 ஜூலை, இரவு

காலையில் போனேன். பள்ளி வாசலில் படங்கள், பூ. பிள்ளைக்குப் பிடித்த பண்டத்தைச் சிலர் தட்டில் வைக்கிறார்கள். ஓரமாக நின்றேன். சென்னைத் தம்பியும் வந்திருந்தார், படத்தைவிட ஒல்லி.

நான் இதுவரை எழுதியதில் ஒன்று உறுத்துகிறது. பூ வைப்பதும் விளக்கு ஏற்றுவதும் வீண், கேட்டைத் திறப்பதுதான் உண்மையான அஞ்சலி என்கிற தொனி என் எழுத்தில் வந்துவிட்டது. ஒரு அம்மா தட்டில் இருந்த முறுக்கை இரண்டாக உடைத்து வைத்தார். கேட்டதற்கு, "முழுசா கொடுத்தா சாப்பிட மாட்டான், உடைச்சுத்தான் கொடுக்கணும்" என்றார். இருபது வருஷத்துக்கு அப்புறமும் 'சாப்பிட மாட்டான்' என்கிறார். அவரிடம் போய் நாங்கள் ஐந்து பள்ளியில் எம்சிபி (மின்சாரம் அதிகமானால் தானே அணைகிற சுவிட்ச்) மாற்றினோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன். அது வேறு, இது வேறு. மாலையில் விளக்கோடு மகாமகக் குளத்துக்கு நடந்தார்கள், மோட்ச தீபம். நானும் நடந்தேன்.

இந்த நாளைக் குழந்தைகள் பாதுகாப்பு தினமாக அறிவிக்கச் சொல்லிப் பெற்றோர் ரொம்ப காலமாகக் கேட்கிறார்கள். முன்பு எனக்கு அதில் ஆர்வம் இல்லை, இன்னொரு தினம், இன்னொரு உறுதிமொழி என்று இளக்காரமாக இருந்தேன். இன்றைக்கு வேறு மாதிரி படுகிறது. கேட்பவர்கள் அவர்கள். நினைவு மண்டபமும் பூங்காவும் நாம் கொடுத்தது, அந்த நாள் மட்டும்தான் அவர்களே வாய்விட்டுக் கேட்டது.

17 ஜூலை

பரண்மேல் கிடக்கிற பெயர்த் தகடுகளைப் பற்றி சென்னைத் தம்பியிடம் பேசினேன். பெற்றோர் யாரிடமாவது கேட்டுவிட்டுச் செய்வோம் என்றார். இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று தெரியவில்லை. நீ கேள் என்றேன், எனக்குப் பயம்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு, வேலை இல்லை. ஜூன் 22 பள்ளிக்கு மறுபடி போனேன். கிரில் கேட்டில் பூட்டு இல்லை, தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள், சரியான உயரத்தில். செருப்புக்குத் தனி ரேக், வாசலைவிட்டு ஆறடி தள்ளி. தெர்மாகோல் கோபுரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டுவிழாவுக்கு வேண்டுமாம்.

பின்பக்க அறையில் ஜன்னல் முழுக்க கம்பி. கொத்தனார் பார்த்துவிட்டு, ஒரு ஜன்னலை மட்டும் கம்பியோடு அறுத்துக் கீல் வைத்துவிட்டால் உள்ளேயிருந்து கதவு மாதிரி தள்ளித் திறக்கலாம் என்கிறார். தலைமையாசிரியை சம்மதம் வாங்கியாயிற்று, சென்னைக்காரர்கள் பணத்தில் கீலும் வெல்டிங்கும் ஆகிவிடும். வரும் சனிக்கிழமை, பள்ளி லீவு, காலை எட்டு மணிக்கு. இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷின் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், என்னுடையதை ஒருவர் வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதமாகத் திருப்பித் தரவில்லை. அவரும் இதைப் படிக்கிறார் என்று தெரியும்.